விவரஸ்தர்

தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தை ஆராயப் புகுவோர் சாதி, தொழில், ஊர், வருமானம் என்று அதைப் பலவாறு பகுத்துக் காண்பது வழக்கமாயினும், இப்பகுப்புகள் எதற்குள்ளும் அடங்காமல் எல்லாவற்றிலும் விரவிக் கிடக்கும் ஓர் இனத்தை அவர்கள் கவனிக்கத் தவறிவிடுகின்றனர். அவ்வினத்தாருக்கு ஊரார் இட்டிருக்கும் பெயர் விவரஸ்தர். விவரம் தெரிந்தவரும் விவரஸ்தரும் ஒருவரே எனக் கொள்வது பிழை. முன்னவர் கேட்டால் சொல்வார், சில வேளைகளில் தமக்குத் தெரியாது என்றும் சொல்லிவிடுவார். பின்னவரோ கேட்காமலே சொல்வார், தெரியாது என்னும் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர் எவருமில்லை. பணத்தை எங்கே போடலாம், எப்போது எடுக்கலாம், எதை வாங்கலாம் என்பனவே அவருடைய ஆய்வுப் பொருள்கள். இவ்வினத்தார் பெரும்பாலும் ஆண்களே. நகைச்சீட்டுத் துறையில் இயங்கும் பெண் விவரஸ்தர்கள் தனிக் கிளையினர். அவர்களுக்குத் தனி நூலே வேண்டும்.

விவரஸ்தரைக் காண உகந்த இடம் கல்யாண மண்டபம். உகந்த நேரம், முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்கு இலை போடும் வரையிலான இடைவேளை. மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்திருக்கும் அவர், பக்கத்தில் இருப்பவர் அண்மையில் ஓய்வுபெற்றவர் என்பதையோ நிலம் விற்றவர் என்பதையோ அறிந்த கணத்தில், தம் பிளாஸ்டிக் நாற்காலியை அரையடி முன்னே இழுத்துப் போட்டு, இருபுறமும் ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்தி, "இது நமக்குள்ளயே இருக்கட்டும் சார்" என்று தொடங்குவார். முன்னிலையில் இருப்பவரையும் உளப்படுத்திக்கொள்ளும் 'நாம்' என்னும் தன்மைப் பன்மை தமிழுக்கு வாய்த்த சிறப்புகளுள் ஒன்று என இலக்கணம் அறிந்தோர் வியப்பதுண்டு. அப்பன்மை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதை, அதே மண்டபத்தில் அதே மாலையில் அதே இரகசியத்தை விவரஸ்தர் மேலும் நான்கு பேருக்கு உரைப்பதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

அவருடைய செலவுப் பழக்கங்களைத் தொடர்ந்து நோக்குவோர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். ஒரு பொருளின்மீது அவர் செலுத்தும் கவனம், அப்பொருளின் விலைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது. கீரைக்காரியிடம் கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைப்பதற்குப் பத்து நிமிடம் நின்று வாதாடி, குறைத்தபின் கறிவேப்பிலையைக் கொசுறாகவும் பெற்றுக்கொண்டுதான் நகர்வார். குளிர்பதனப் பெட்டி வாங்குவதற்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டு, ஐந்து கடைகளில் விலை கேட்டு, நட்சத்திரக் குறியீட்டை ஆராய்ந்து, ஆடித் தள்ளுபடிக்காகக் காத்திருந்து, அதற்குள் பழைய பெட்டியில் மூன்று முறை பால் திரிந்துபோவதையும் பொறுத்துக்கொள்வார். ஆனால் ஐந்து லட்ச ரூபாயை எங்கே போடுவது என்னும் முடிவை, தேநீர் ஆறுவதற்குள், தம்மைப் போன்ற இன்னொரு விவரஸ்தரின் சொல்லைக் கேட்டு எடுத்துவிடுவார். பெரிய தொகையை நெடுநேரம் எண்ணிக்கொண்டிருப்பது சிறுமை என்று அவர் கருதுகிறார் போலும்.

விவரஸ்தரின் கணக்கியலை அறிய, அவர் வட்டியைக் குறிக்கும் முறையை முதலில் அறிய வேண்டும். வங்கியும் அஞ்சலகமும் ஆண்டு வட்டியைச் சதவீதத்தில் சொல்ல, தெருவோ மாத வட்டியை நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்று சொல்லும். ஆகவே 'ரெண்டு ரூபா வட்டி' என்பது கேட்பதற்கு ஏழை வட்டியாகத் தோன்றினாலும் ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகும். இவ்விரு மொழிகளையும் சரளமாகப் பேசக்கூடியவராயினும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கும் பழக்கம் விவரஸ்தருக்கு இல்லை. 'மூன்று வருடத்தில் டபுள்' என்று ஒருவர் சொன்னால், 72 என்னும் எண்ணை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க ஏறத்தாழ ஆண்டு வட்டி கிடைத்துவிடும் என்னும் எளிய வாய்ப்பாட்டைக் கொண்டு, அது 24 சதவீதம் என்பதையும், அத்தனை வட்டியை நேர்மையான எந்தத் தொழிலும் ஆண்டுதோறும் தவறாமல் தருவது அரிது என்பதையும் கண்டுகொள்ளலாம். விவரஸ்தர் வகுப்பதில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு பெருக்கல் ஒன்றே.

இப்பெருக்கல் உச்சம் கண்ட காலம் ஈமுக் காலம் எனலாம். ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையைச் சுற்றி எழுந்த பண்ணைகள், ஒன்றரை லட்ச ரூபாய் கட்டுவோருக்கு ஆறு ஈமுக் குஞ்சுகளும், கொட்டகையும், தீவனமும், அவற்றுக்கு மேல் மாதம் 6,000 ரூபாய் அளவில் பராமரிப்புக் கூலியும் தருவதாக விளம்பரம் செய்தன. திரை நடிகர்களும் அவ்விளம்பரங்களில் தோன்றினர். மாதக் கூலியை மட்டும் கணக்கிட்டாலே ஆண்டுக்கு 48 சதவீதம். அப்பறவையின் இறைச்சியைத் தின்ற ஒருவரையோ, அதன் எண்ணெயைத் தேய்த்துக்கொண்ட ஒருவரையோ விவரஸ்தர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கும் அவர், விற்பனையே இல்லாத பறவையிலிருந்து பணம் எவ்வாறு வரும் என்று மட்டும் கேட்கவில்லை. பிந்தி வந்தவர் கட்டிய முதலை எடுத்து முந்தி வந்தவருக்கு வட்டியாகக் கொடுக்கும் முறைக்கு, 1920-இல் பாஸ்டன் நகரில் அதைப் பெருமளவில் நடத்திக் காட்டிய சார்லஸ் பொன்சி என்பவரின் பெயரால் பொன்சித் திட்டம் என்று பெயர். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று தமிழர் அதை அவருக்கு நெடுங்காலம் முன்பே வரையறுத்துவிட்டனர்.

இத்திட்டங்களின் நுட்பம் முதல் சில மாதங்களில் பணம் தவறாமல் வருவதில்தான் உள்ளது. முதல் 6,000 ரூபாய் வந்ததும், விவரஸ்தர் அதைச் செலவழிக்கும் முன்பே வங்கிக் கணக்குப் புத்தகத்தைத் தம் மைத்துனரிடம் எடுத்துச் சென்று காட்டினார். மைத்துனரும் நிலத்தை அடகு வைத்து, ஒன்றரை லட்சம் வீதம் இரண்டு அலகுகள் கட்டினார். 2012-இல் பண்ணைகள் கவிழ்ந்தபோது, தீவனமின்றி வாடிய பறவைகளுக்கு இரை போடும் பொறுப்பு அரசின் கால்நடைத் துறைமீது விழுந்தது. பணம் போட்டவர்களின் மனுக்கள், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த தனி நீதிமன்றத்தை நாடிச் சென்றன. மைத்துனர் அதன்பின் விவரஸ்தர் வீட்டுப் பக்கம் வரவில்லை. வங்கியைப் பற்றிய பேச்சு எழும்போது மட்டும் விவரஸ்தர், "பேங்க் திவாலாயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று இன்றும் கேட்கிறார். ஒரு வங்கியில் ஒருவர் வைத்துள்ள வைப்புத் தொகைக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பதும், ஒரு லட்சமாக இருந்த அவ்வரம்பு 2020 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது என்பதும் அவர் அறிந்தவையே. ஈமுவுக்குக் காப்பீடு இருந்ததா என்று எவரும் அவரைத் திருப்பிக் கேட்பதில்லை. அது மண்டப நாகரிகம் அன்று.

காப்பீடு என்றதும் மார்ச் மாதம் நினைவுக்கு வருவது இயல்பு. வருமான வரிக் கணக்குக்குச் சான்று கேட்டு அலுவலகம் நெருக்கும் அம்மாதத்தில், விவரஸ்தரின் சகலை ஒரு தோல் பையுடன் வந்து சேர்வார். உயிர்க் காப்பீடு என்பது குடும்பத்தின் சம்பாத்தியக்காரர் இறந்தால் குடும்பம் தெருவுக்கு வராமல் காப்பதற்கான செலவு. முதலீடு என்பது அவர் உயிரோடிருந்து அனுபவிப்பதற்கான சேமிப்பு. இவ்விரண்டையும் ஒரே இலையில் பிசைந்து பரிமாறும் பாலிசியைத்தான் சகலை விற்கிறார். உயிருக்கு மட்டும் காப்பளிக்கும் டேர்ம் பாலிசியைப் பற்றிக் கேட்டால், "ஒண்ணும் ஆகலைன்னா காசு போச்சே சார்" என்று விவரஸ்தர் வருந்துவார். தாம் இறவாமல் போனதை நட்டமாகக் கருதும் மனிதரை வேறெந்த இனத்திலும் காண்பது கடினம். ஆண்டுக்கு 50,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டு கட்டி, முடிவில் 17 லட்சத்து 36 ஆயிரம் பெற்றால், பத்து லட்சம் பதினேழாயிற்றே என்று அவர் பூரிப்பார். அது ஆண்டுக்கு ஐந்து சதவீதக் கூட்டு வட்டியே. அதே தொகையை அஞ்சலகத்துப் பொது வருங்கால வைப்பு நிதியில் போட்டு, பதினைந்து ஆண்டு முதிர்வுக்குப் பின் மேலும் ஐந்தாண்டு நீட்டித்து, 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 7.1 சதவீத வட்டி மாறாமல் இருக்கக் கண்டால், 22 லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். ஆனால் அஞ்சலகம் வீடு தேடி வருவதில்லை. வந்தாலும் சகலையைப் போலக் காபி நன்றாயிருக்கிறது என்று சொல்வதில்லை.

விவரஸ்தரின் வாழ்வில் பணம் உண்மையாகவே பெருகிய இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி மட்டும் அவர் எந்த மண்டபத்திலும் பேசுவதில்லை. சம்பளப் பட்டியலில் பிடித்தம் என்னும் தலைப்பின் கீழ் மாதந்தோறும் கழிந்துகொண்டிருந்த பொது வைப்பு நிதி, அதாவது பழைய அரசு ஊழியர்கள் ஜி.பி.எஃப். என்று வழங்கும் சேமிப்பு, 1990-களில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஈட்டியது; 72-ஐ 12-ஆல் வகுக்க, ஆறாண்டுக்கு ஒருமுறை அது இரட்டித்தது. பிடித்தம் என்னும் சொல்லுக்குத் தமிழில் விருப்பம் என்றும் ஒரு பொருள் உண்டு. விவரஸ்தர் அப்பொருளை ஒருநாளும் ஏற்றதில்லை. கையில் வந்திருந்தால் பத்து மடங்கு ஆக்கியிருப்பேனே என்றே முப்பதாண்டும் புலம்பினார். புலம்பியதோடு நில்லாமல் அந்நிதியிலிருந்து கடன் எடுத்துத் தேக்குத் தோட்டத் திட்டம் ஒன்றிலும் போட்டார். இத்தகைய தோட்டத் திட்டங்கள் ஊருக்கு ஊர் முளைத்த பின்னரே, 1999-இல் செபி என்னும் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியம் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. தேக்கு அவர் வீட்டுக்கு ஒரு சுவர்க் கடிகாரமாக மட்டும் வந்து சேர்ந்தது, அதுவும் விளம்பரப் பரிசாக. இன்று அவர் குடியிருக்கும் வீடு, அவரால் தொட முடியாமல் எஞ்சிய ஜி.பி.எஃப். பணத்தில் எழும்பியது. வீட்டைக் காட்டி, "எல்லாம் அந்தந்த நேரத்துல எடுத்த முடிவு சார்" என்பார்.

இக்கல்வி அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் விதமும் ஒரு வரி எழுதத் தக்கது. மருமகன் ஈமுவைக் கண்டு நகைப்பவன். அவன் கைப்பேசியில் ஆப்ஷன் வாங்குகிறான், அதாவது ஒரு பங்கோ குறியீட்டெண்ணோ குறித்த நாளில் குறித்த விலையைத் தாண்டுமா என்பதன்மீது பணம் கட்டுகிறான். இவ்வகை வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் 93 சதவீதத்தினர், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஆளுக்குச் சராசரி இரண்டு லட்ச ரூபாய் இழந்தனர் என்று செபியின் ஆய்வு தெரிவித்தபோது, மாமனாரும் மருமகனும் அச்செய்தியைச் சேர்ந்தே படித்து, எஞ்சிய ஏழு சதவீதத்தில் சேர்வது எவ்வாறு என்று சேர்ந்தே ஆலோசித்தனர்.

இனி அவருடைய ரெக்சின் பையைப் பற்றி. தேக்குப் பத்திரம், ஈமு ஒப்பந்தம், 2008 ஜனவரியில் 430 ரூபாய் வீதம் வாங்கி, சந்தைக்கு வந்த முதல் நாளே விலை சரிந்த ரிலையன்ஸ் பவர் பங்குகளின் ஒதுக்கீட்டுக் கடிதம் ஆகியவற்றுக்கு அடியில், 1992-இல் வாங்கிய ஒரு நிறுவனத்தின் நூறு பங்குகளுக்கான காகிதச் சான்றிதழ் கிடந்ததை மகள்தான் கண்டெடுத்தாள். வேலூரிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றலாகி வந்தபோது முகவரி மாற்றத்தை அவர் தெரிவிக்காததால், பங்காதாயக் காசோலைகள் வேலூர் வாடகை வீட்டுக்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. பங்குகளோ, நிறுவனம் கூடுதல் பங்குகளை இலவசமாக வழங்கியும் ஒரு பங்கைப் பலவாகப் பிரித்தும் வந்ததில், எவரும் தொடாமலே பல்கிப் பெருகியிருந்தன. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஆதாயம் கோரப்படாத பங்குகளை முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது நிறுவனச் சட்டம். உரியவர் உரிய ஆவணங்களுடன் விண்ணப்பித்தால் அவை திரும்பக் கிடைக்கும்.

மறந்துபோனது இருவாரங்களில் மன உறுதியாக வளர்ந்துவிட்டது. "எத்தனை பேர் விக்கச் சொன்னாங்க தெரியுமா? நான் அசையலையே சார்" என்று அவர் அண்மையில் ஒரு காதணி விழாவில் சொல்லக் கேட்டவர்கள் உளர்.

இடையில் ஒரே ஒரு சிக்கல். 1992-இல் இட்ட கையெழுத்தும் இன்றைய கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை என்று நிறுவனம் எழுதிவிட்டது. பணவரவு கூடும் என்று எண்கணித ஜோதிடர் ஒருவர் சொன்னதை நம்பி, 2003-இல் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி, அடியில் மேல்நோக்கிய கோடும் இரு புள்ளிகளும் சேர்த்து அவர் கையெழுத்தை மாற்றிக்கொண்டிருந்தார். இன்றைய கையெழுத்துக்கு வங்கி மேலாளரிடம் சான்று பெற்று அனுப்பலாம் என்று மகள் எடுத்துச் சொல்லியும், அத்தனை சுலபமான வழியின்மீது நம்பிக்கை பிறக்காததால், விவரஸ்தர் இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஈமு ஒப்பந்தத் தாள்களின் வெற்றுப் பக்கங்களில், தம்முடைய பழைய கையெழுத்தைத் தாமே கள்ளக் கையெழுத்துப் போல எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.