சிக்ஸர் அடித்தால் லெப்டினன்ட் கர்னல்

பிராந்திய ராணுவத்தில் அதிகாரியாகிப் படிப்படியாக மேலே போகலாம் என்று கனவு காணும் தம்பிகளே, ஆள்சேர்ப்பு விளம்பரத்தை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். அதில் போட்டிருப்பது சுற்றுவழி. பட்டம் படித்திருக்க வேண்டும், சொந்தச் சம்பாத்தியம் இருக்க வேண்டும், எழுத்துத் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். தாண்டினால் தோளில் இரண்டு நட்சத்திரம். அப்புறம் வேலைக்கும் வீட்டுக்கும் லீவு சொல்லிவிட்டு ஆண்டுக்கு இரண்டு மாதம் முகாம். காலம் கனியக் கனிய கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல். அதற்கு மேலே கர்னலும் பிரிகேடியரும் காலத்தால் வருவதில்லை, பொறுக்கியெடுத்துத்தான் தருவார்கள்.

இந்தப் படையை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்தவர் நம் ராஜாஜி, கவர்னர் ஜெனரலாக. ஆபீசில் பேனா பிடிக்கிற குடிமகன் அவ்வப்போது வந்து துப்பாக்கியும் பிடிக்கட்டும் என்பது ஏற்பாடு. பேட் பிடிக்கிறவரும் வசனம் பேசுகிறவரும் நேரே மூன்றாம் மாடியில் லிஃப்டில் இறங்குவார்கள் என்று அந்தக் கிழவர் நினைத்திருக்க மாட்டார்.

லிஃப்ட் இருக்கிறது. 2008இல் கபில்தேவ் ஏறினார், கௌரவ லெப்டினன்ட் கர்னல். கோப்பை வாங்கியது 1983இல், ஆகவே அவருக்கு இருபத்தைந்து ஆண்டுத் தாமதம். அந்தத் தப்பை தோனி விஷயத்தில் திருத்திக்கொண்டார்கள். 2011 ஏப்ரலில் கோப்பை, வருஷம் முடிவதற்குள் தோளில் அதே பதவியின் அசோகச் சிங்கம். கூடவே துப்பாக்கி சுடும் அபினவ் பிந்த்ராவுக்கும். மோகன்லால் கதை இன்னும் சுவாரசியம். 2006இல் ‘கீர்த்திசக்ரா’ படத்தில் மேஜர், 2008இல் ‘குருக்ஷேத்ரா’வில் கர்னல், 2009இல் நிஜ ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல். திரையில் வாங்கிய பதவியிலிருந்து ஒரு படி இறக்கித்தான் கொடுத்தார்கள். பதவி விஷயத்தில் ராணுவம் கறார் இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்? விமானப்படை மட்டும் சும்மா இருக்குமா? 2010இல் சச்சினைக் கௌரவ குரூப் கேப்டன் ஆக்கியது. தரைப்படைக் கணக்கில் அது முழுக் கர்னல்.

அமைச்சராக இருந்தால்கூட இந்த வேகம் கிடைக்காது. அனுராக் தாக்கூர் முறைப்படி தேர்வெழுதி 2016இல் லெப்டினன்ட் ஆனார். கேப்டன் ஆனது 2021இல், மத்திய நிதித்துறை இணையமைச்சராக இருக்கும்போது. நாட்டின் கஜானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே மூன்றாவது நட்சத்திரத்துக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. பாவம், அவருக்கு ஹெலிகாப்டர் ஷாட் தெரியாது.

ஆட்டக்காரர்கள் மீது எனக்குக் கோபமில்லை. தோனி 2015இல் ஆக்ராவில் பாராசூட் கட்டிக்கொண்டு உண்மையாகவே குதித்தார். 2025இல் அதே பட்டம் பெற்ற நீரஜ் சோப்ரா 2016லேயே நாயிப் சுபேதாராகப் படையில் சேர்ந்தவர். கோபமெல்லாம் பட்டத்தைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிற டெல்லிக்காரர்கள் மீதுதான்.

வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் என்பதால் சுற்று வட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து பதினெட்டு வயதில் சிப்பாயாகப் போகிறவன் நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார், சுபேதார் என்று ஏற வேண்டும். பனியில் காவல் நின்று, பாதி வாழ்க்கை ரயிலில் கழித்து, பிள்ளைகள் வளர்ந்ததை போட்டோவில் பார்த்து, சுபேதார் மேஜர் வரைக்கும் வந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்தை நெருங்கி, பெட்டி கட்டுகிற நேரத்தில், குடியரசு தினப் பட்டியலில் பெயர் வந்தால் அவன் கௌரவ லெப்டினன்ட். ரொம்பக் கொடுத்துவைத்தவனாக இருந்தால் கௌரவ கேப்டன். அதோடு கதவு சாத்தியாயிற்று. ஒரு நாள்கூடக் காவல் நிற்காத பிரபலத்துக்கு ஆரம்பமே அதற்கு இரண்டு படி மேலே.

சுற்றுவழியில் போன பிராந்திய ராணுவ அதிகாரிக்கு ஓய்வூதியமாவது உண்டா? உண்டு. பணிக்கு அழைக்கப்பட்டு உடலால் உழைத்த காலம் மொத்தம் இருபது ஆண்டு சேர வேண்டும், அவ்வளவுதான். முகாமுக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டு மாதம் போய் வருகிறவர், சேர்ந்த பிறகு 120 வருஷம் உயிரோடிருந்தால் போதும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பிகளே.

சிப்பாய் நிலைமை அதைவிட மோசம். உத்தராகண்டுக்காரர் ஒருவர், நிரந்தரப் படையில் கால் நூற்றாண்டு உழைத்து முடித்தவர், 2007இல் பிராந்திய ராணுவத்தின் சுற்றுச்சூழல் பட்டாலியனில் சேர்ந்தார். மொட்டை மலையில் மரம் நடுகிற படை அது. 2009இல் விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் வழியில் விபத்து. கால் போயிற்று. ஊனம் 80 சதவீதம். ராணுவ விசாரணையே இது பணியோடு தொடர்புடைய காயம் என்று எழுதியது. எழுதிவிட்டு, ஊன ஓய்வூதியம் கிடையாது என்று வீட்டுக்கு அனுப்பியது. காரணம், சேரும்போது இந்தச் சலுகையெல்லாம் கேட்க மாட்டேன் என்று அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாராம். லக்னோ தீர்ப்பாயமும் கைவிரித்தது. ஒற்றைக் காலோடு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2021 டிசம்பரில்தான் நியாயம் வாங்கினார். ஒரு சாதாரணச் சிப்பாய் ராணுவத்தோடு சரிக்குச் சரியாகப் பேரம் பேசிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது என்பதை நீதிபதிகள் அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கால் போன அதே 2009இல்தான் நடிகரின் தோளில் சிங்கம் ஏறியது. அந்த விழா ஒரு நாளில் முடிந்தது. இந்த வழக்கில் அரசுத் தரப்பு கடைசி நாள் வரை அந்தத் தாளைத்தான் நீட்டிக்கொண்டிருந்தது.