போர்டு இல்லாத ஆபீஸ்

"ஆபீஸ் எங்க சார் இருக்கு?"

வீட்டுக்கடன் விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்தவர் இப்படிக் கேட்டபோது நான் ஆபீசில்தான் உட்கார்ந்திருந்தேன். அதாவது, கோவில்பட்டியில் எங்கள் வீட்டு நடு அறையில், அரிசி டிரம்முக்கும் அம்மாவின் தையல் மிஷினுக்கும் நடுவே போட்ட மேஜையில்.

"இதுதான் சார்."

அவர் டிரம்மைப் பார்த்தார். தையல் மிஷினைப் பார்த்தார். அதன்மேல் பாதி தைத்த ரவிக்கை ஒன்று கிடந்தது. அதையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த என் சம்பளச் சீட்டை இன்னொரு தடவை பார்த்தார்.

"இது வீட்டு அட்ரஸ் சார். இதப் பாத்தாச்சு. இனி ஆபீஸ் அட்ரஸ் பாக்கணும். போர்டு தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும்."

எங்கள் கம்பெனிக்குப் பெயர் உண்டு, போர்டு கிடையாது. மாட்டுவதற்குச் சுவர் வேண்டுமே! பத்தொன்பது நாடுகளில் நூற்றுச் சொச்சம் பேர், அவரவர் வீட்டில், அவரவர் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறோம். இதை அவரிடம் விளக்கினேன். "அப்ப ஹெட் ஆபீஸ்?" என்றார். அதுவும் இல்லை என்றேன். கம்பெனியே இல்லை என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆபீஸ் என்றால் போய்வரும் இடம் என்றுதான் நானும் வளர்ந்தேன். ஒன்பது வருடம் சென்னை ஓஎம்ஆரில் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவன். அப்போது கழுத்தில் ஒரு கயிறு, அதன் நுனியில் ஓர் அட்டை. தீபாவளிக்கு ரயிலேறும்போதுகூட அதைக் கழற்ற 'மறந்து' போவோம். அந்த அட்டை இருந்தவரை நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அட்டை போன பிறகு கேட்காத ஆளில்லை.

ஆள் போகாமல் வேலையை மட்டும் அனுப்பலாம் என்ற யோசனை நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற 1973-ஆம் ஆண்டிலேயே ஜாக் நில்லெஸ் என்பவர் இதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பெயர் வைத்துவிட்டார். காரில் மனிதன் போவதற்குப் பதில் கம்பி வழியே வேலை போகட்டும் என்றார். போர்டை எங்கே மாட்டுவது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அவர் வழியில் வந்தவர்கள் பலர். வேர்ட்பிரஸ் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் சான்பிரான்சிஸ்கோவில் 15,000 சதுர அடியில் ஓர் ஆபீஸ் வைத்திருந்தது. எல்லோரும் வீட்டிலேயே வேலை பார்த்துப் பழகிவிட்டதால் அங்கே வர ஆளில்லை. 2017-இல் அதைக் காலி செய்யப்போவதாக அறிவித்தார்கள். 15,000 சதுர அடி! எங்கள் ஊராக இருந்தால் அடுத்த முகூர்த்தத்துக்குள் கல்யாண மண்டபம் ஆகியிருக்கும். இதற்கு நேர் எதிராக, உலகத்தையே வீட்டில் உட்காரவைத்துக் காசு பார்த்த ஜூம் நிறுவனம், 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊழியர்கள் வாரம் இரண்டு நாள் ஆபீஸ் வர வேண்டும் என்று 2023-இல் சொல்லியது. மெஸ் நடத்துகிறவர் தன் வீட்டுக்கு வெளியில் பார்சல் வாங்கின மாதிரி.

ஆபீஸ் இல்லாத கம்பெனிகளுக்கெல்லாம் வேதம், கையேடு. கிட்லேப் என்ற நிறுவனத்தின் கையேட்டை அச்சடித்தால் 2,000 பக்கத்தைத் தாண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எங்கள் கம்பெனி கையேடு அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் லீவு எடுப்பது எப்படி, மறுத்துப் பேசுவது எப்படி, மறுத்துப் பேசியதற்கு வருத்தப்படாமல் இருப்பது எப்படி என்று எல்லாம் இருக்கிறது. அடிப்படை விதி ஒன்றுதான்: எழுதி வைக்காதது நடக்கவே இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு கையேடு உண்டு. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக்கூடாது. விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு உப்பு கொடுக்கக்கூடாது. வெளியே கிளம்புகிறவனை 'எங்க போற' என்று கேட்கக்கூடாது. ஒரு வரிகூட யாரும் எழுதி வைத்ததில்லை. ஒரு வரியைக்கூட யாரும் மறந்ததும் இல்லை. பகலெல்லாம் இந்த இரண்டு கையேட்டுக்கும் நடுவில்தான் என் நாற்காலி கிடக்கிறது.

இரண்டும் ஒருநாள் மோதிக்கொண்டன. அதற்கும் கிட்லேப்தான் காரணம். 2017 ஜனவரி 31 அன்று ராத்திரி அங்கே ஒரு பொறியாளர், ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொரு சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. காப்புப் பிரதி எடுக்க ஐந்து ஏற்பாடு இருந்தது. அவசரத்துக்கு ஐந்தும் கைவிட்டன. நாமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டிருப்போம். அவர்கள் மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். கடைசியில் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். பிறகு எழுதிய அறிக்கையில், யார் தப்பு என்பதை விட்டுவிட்டு எது தப்பாகப் போனது என்று ஆராய்ந்தார்கள். எங்கள் கம்பெனியிலும் அதே பழக்கம்தான். இதற்குக் 'குற்றம் சாட்டாத அறிக்கை' என்று பெயர்.

நான் மீட்டிங்கில் இருந்த ஒரு காலை, அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "ஏய்யா, பாலப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கீரைக்காரியிடம் போனார். பால் பொங்கியது. அடுப்பு அணைந்தது. அம்மா திரும்பி வந்து ஆரம்பிப்பதற்குள், பழக்கதோஷத்தில் நான் அறிக்கை வாசிக்கத் தொடங்கினேன்.

"அம்மா, யாரு தப்புன்னு பாக்க வேண்டாம். பால் பொறுப்ப வாய்வார்த்தையாத்தான் ஒப்படைச்சீங்க. எழுத்துல இல்ல. பாத்துக்கிட ஒரே ஒரு ஆள்தான், அவனும் இன்னொரு வேலையில இருந்தான். பொங்கப் போவுதுன்னு சொல்ல அலாரமும் கிடையாது. அடுத்த தடவை..."

"பாலு பொங்குனா, பாக்காதவன் மேலதான் தப்பு. துணிய எடுத்துத் தொட."

ஆறு பக்கத்தில் நாங்கள் எழுதுவதை அம்மா இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதில் இரண்டாவது வாக்கியம் தீர்வு நடவடிக்கை.

எல்லாம் எழுத்தில் என்றால் தொனியும் எழுத்தில்தான். 'ஓகே' என்று மேனேஜர் அனுப்பினால் நிம்மதி; 'ஓகே' போட்டு முற்றுப்புள்ளியும் வைத்தால் அன்று ராத்திரி தூக்கமில்லை. சேர்ந்த புதிதில், நான் அனுப்பிய நிரலுக்குக் கீழே அவர் வெறும் இரண்டு கண்களை மட்டும் போட்டார். முறைக்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் என் நிரலில் நானே குற்றம் தேடி நாலு கண்டுபிடித்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கண்களுக்கு 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று அர்த்தமாம். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த அம்மாவுக்கு மட்டும் இன்னமும் சந்தேகம். "வெறுங்கண்ண எதுக்குய்யா அனுப்புதாரு? சாயங்காலம் சுத்திப் போடுதேன்." அன்று மூன்று மிளகாய் வற்றல் வெடித்தது. நிரலும் முதல் தடவையே தேறியது. எது வேலை செய்தது என்று அறிக்கையில் எழுத முடியவில்லை.

நேரக்கணக்கு இன்னொரு கூத்து. கிரீன்விச்சுக்கு நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஐந்தை உலகம் ஏற்றுக்கொள்கிறது; அந்த அரை மணிதான் யாருக்கும் பிடிபடுவதில்லை. கூப்பிட்டால் அரை மணி முன்னால் வருவார்கள், இல்லை பின்னால் வருவார்கள். சான்பிரான்சிஸ்கோவின் காலை எட்டு மணிக் கூட்டம் எனக்குக் குளிர்காலத்தில் இரவு ஒன்பதரை. மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தைத் திருப்பிவிட்டால் எட்டரை. எட்டரை அம்மாவின் சீரியல் நேரம், டிவி இருப்பதும் அதே நடு அறையில். ஐரோப்பாக்காரர்கள் மார்ச் கடைசி ஞாயிறுதான் திருப்புவார்கள் என்பதால், இடைப்பட்ட நாட்களில் பெர்லின்காரர் யாருமில்லாத கூட்டத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். "மணியக் கூடவா மாத்துவாங்க? நம்மூர்ல ஜோசியக்காரங்ககூட நேரம் சரியில்லன்னுதான் சொல்வாங்க, மாத்த மாட்டாங்க" என்பது அம்மாவின் கருத்து.

டீக்கடை இல்லாத குறையைத் தீர்க்க 'டோனட்' என்றொரு நிரல் இருக்கிறது. குலுக்கல் முறையில் இரண்டு பேரைச் சேர்த்துவைத்து, காப்பி குடித்தபடி பேசுங்கள் என்கிறது. எனக்கு லிஸ்பனில் இருக்கும் ஒரு பெண்மணி அமைந்தார். அவருக்குப் பிற்பகல் மூன்று மணி. எனக்கு? ஏழரை. அம்மா காப்பி தர மறுத்துவிட்டார். வெறும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உறிஞ்சினேன். அந்த அம்மாள் தன் நாயைக் காட்டினார். நான் கடலை மிட்டாயைக் காட்டி, இதற்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமை அடித்தேன். ஊரில் எல்லோருக்கும் ஏழரை ஆண்டுக்கணக்கில் பிடிக்கும். என்னுடையது எட்டு மணிக்கு முடிந்தது.

இத்தனைக்கும் மேலே, நாங்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலியில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. நான் 'இருக்கிறேன்' என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு ஓடுவதுபோல் பாவனை காட்டினார்கள் என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை 2024-இல் வேலையைவிட்டு அனுப்பியது. எங்கள் கம்பெனியில் புள்ளியை யாரும் பார்ப்பதில்லை என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் பாத்ரூம் போகும்போது மௌஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறேன்.

பத்தொன்பது நாட்டுக்கு அந்தப் புள்ளி போதும். எங்கள் தெருவுக்குப் போதவில்லை. வங்கிக்காரர் நேரே முக்கு டீக்கடைக்குப் போய் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். கடை அண்ணாச்சி நல்ல மனிதர். எனக்காகப் பரிந்துதான் பேசியிருக்கிறார்: "தங்கமான பையன் சார். குடி கிடி ஒண்ணும் கிடையாது. வேலைக்குத்தான் போறதில்ல. பாவம், நாளெல்லாம் கம்ப்யூட்டர்கிட்ட தனியா பேசிக்கிட்டிருப்பான்."

கடன் மூன்று வாரம் நின்றது. கம்பெனியில் கடிதம் கேட்டேன். கையேட்டின் சுட்டியை அனுப்பி, 'எங்களுக்கு ஆபீஸ் இல்லை என்பதை இதில் விரிவாக விளக்கியிருக்கிறோம்' என்றார்கள். வங்கி அதைத்தானே சந்தேகப்படுகிறது! கடைசியில் ஒரு வழி தோன்றியது. கம்பெனி பெயரைப் பெரிய எழுத்தில் ஏ4 தாளில் அச்சடித்து அரிசி டிரம்மில் ஒட்டினேன். வங்கிக்காரர் மறுபடி வந்தார். டிரம்மைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் கடன் வந்துவிட்டது. தாளைக் கிழிக்கப் போனபோது அம்மா விடவில்லை. "கம்பெனி பேருய்யா, இருக்கட்டும்." இப்போது தினம் என் கம்பெனிக்குள்ளிருந்துதான் அரை உழக்கு அரிசி எடுக்கிறார்.

வங்கி அடங்கியது, தெரு அடங்கவில்லை. ஆகவே இப்போதெல்லாம் காலை ஒன்பது மணிக்குச் சட்டையை இன் செய்து, பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். டீக்கடை முன்னால் கொஞ்சம் வேகமாக நடக்கிறேன். "என்ன தம்பி, வேலைக்கா?" என்கிறார் அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாக. செண்பகவல்லி அம்மன் கோயில் வரை போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின் சந்து வழியே கொல்லைப்புறக் கதவைத் திறந்து ஆபீசுக்குள் வருகிறேன். டிரம்மின் மேல் போர்டு. பச்சைப் புள்ளி எரிகிறது.

முதல் நாள் மத்தியானம் ஒரு மணிக்குப் பசி எடுத்து, "அம்மா, சோறு போடுங்க" என்றேன். அடுப்படி என் நாற்காலியிலிருந்து ஆறடி.

"பையில டிபன் பாக்ஸ் வச்சிருக்கேன், பாரு."

"இங்கதான இருக்கேன்? தட்டுல போட்டா என்ன?"

"ஆபீஸ் போனவனுக்கு நான் எப்படிய்யா தட்டுல போடுவேன்?"

திறந்தேன். எலுமிச்சை சாதம், ஓரத்தில் அப்பளம். அப்பளம் கொஞ்சம் நமுத்திருந்தது. ஓஎம்ஆரில் ஒன்பது வருடம் சாப்பிட்டேனே, அதே நமுப்பு.