ஒரே ஒரு முறை மட்டும்

சென்னையில் கட்டடம் கட்டப் போகிறீர்களா? அனுமதி வாங்கிவிட்டுக் கட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது அப்பாவிகள் போகிற வழி. முதலில் கட்டி முடியுங்கள். இரண்டு மாடிக்கு அனுமதி என்றால் ஐந்து மாடி எழுப்புங்கள். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே விடச் சொன்ன இடத்தில் பல்லிகூட வயிற்றை எக்கிக்கொண்டுதான் போகவேண்டும். கார் நிறுத்த என்று வரைபடத்தில் காட்டிய தரைத்தளத்துக்கு ஷட்டர் போட்டு ஜவுளிக் கடைக்கு வாடகைக்கு விடுங்கள். வரைபடம் ஆபீஸ் பீரோவில் இருக்கும், கட்டடம் தெருவில் இருக்கும். இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளப் போவதே இல்லை. அப்புறம் பொறுமையாகக் காத்திருங்கள். அரசாங்கம் உங்களை மன்னிக்கும். அதற்கென்று சட்டத்தில் ஒரு பிரிவே இருக்கிறது.

1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில், 1998-ல் 113-ஏ என்றொரு பிரிவைச் சொருகினார்கள். விதியை மீறிக் கட்டியவர் பணத்தைக் கட்டினால் விலக்கு உண்டு. வரன்முறை என்று அதற்குப் பெயர். ஒரே ஒரு முறை மட்டும் என்றார்கள். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. 2000-ல் தேதியைத் தள்ளினார்கள். 2001-ல் தள்ளினார்கள். 2002-ல் இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் முதல் மன்னிப்பை மட்டும் பிழைத்துப் போகவிட்டு, பின்னால் வந்த மூன்றையும் செல்லாது என்றது. நம் ஆட்சியாளர்கள் இதற்கெல்லாம் துவளுகிற ஆட்களா? 2012-ல் 113-சி பிறந்தது. 2007 ஜூலை 1-க்கு முன்னால் கட்டியவர்களுக்கெல்லாம் மறுபடியும் கருணை. அதற்கான விதிகள் 2017-ல் வந்தன. அதே ஆண்டு அங்கீகாரமில்லாத மனைகளுக்கும் தனியாக ஒரு கருணை. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்று ஒன்று அறிவித்தார்கள். அந்தக் கடைசித் தேதிக்குப் பிறகு எத்தனை கடைசித் தேதிகள் வந்தன என்பதை மனை வியாபாரிகளைக் கேளுங்கள், விரல் விட்டுச் சொல்வார்கள்.

இந்த ஆண்டுகளில் கோட்டையில் கழகங்கள் மாறி மாறி உட்கார்ந்தன. ஒருவர் கட்டிய கட்டடத்தை இன்னொருவர் மருத்துவமனை ஆக்கினார், ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் அழித்தார். வரன்முறையில் மட்டும் இருவருக்கும் கொள்கை வேறுபாடு வந்ததே இல்லை.

நடுவில் ஒரு முட்டாள் இருக்கிறார். அவர் முறைப்படி பிளான் போட்டு, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கி, பக்கத்தில் விடவேண்டிய இடத்தை விட்டு வீடு கட்டியவர். அந்த இடத்தில் வாழைமரம் வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. சட்டமும் சேர்ந்துதான் சிரிக்கிறது.

திட்டமே இல்லை என்று சொன்னால் பாவம். சென்னையின் முதல் முழுமைத் திட்டத்துக்கு, அதாவது மாஸ்டர் பிளானுக்கு, 1976-ல் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாவது வர 2008 ஆகிவிட்டது. நடுவில் 32 ஆண்டுகள். அதற்குள் ஊர் தானாகவே வளர்ந்து, செங்கல்பட்டுப் பக்கம் பாதி தூரம் போய்விட்டது. நம் முழுமைத் திட்டம் நடந்து முடிந்ததற்குக் கலர் அடித்துக் காட்டும் படம். எங்கே வீடு முளைத்துவிட்டதோ அங்கே குடியிருப்புப் பகுதி என்று ஒரு நிறம், எங்கே கடை முளைத்துவிட்டதோ அங்கே வணிகப் பகுதி என்று இன்னொரு நிறம். இரண்டாவது திட்டத்தின் ஆயுள் 2026 வரை. மூன்றாவதற்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டாயிற்று. கருத்துச் சொன்னவர்களில் எத்தனை பேர் வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் நிற்கிறது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் தனியாரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நீர்நிலையைத் தூர்த்துக் கட்டும் தொழிலுக்கு அரசாங்கம்தான் குருநாதர். 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் ஏரி தெரியாது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட குடியிருப்புக்கு ‘ஏரித் திட்டம்’ என்றே பெயர். திருடன்கூடத் திருடின வீட்டு விலாசத்தைத் தன் வாசலில் எழுதி மாட்டமாட்டான். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைத் தாண்டிப் போகிறது. 2015 டிசம்பரில் அந்த விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கிப் பல நாள் மூடிக்கிடந்தபோது, ‘வரலாறு காணாத மழை’ என்று சொன்னார்கள். மழையைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், அது வக்கீல் வைக்காது.

அனுமதி வாங்கியவர்கள் பிழைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. 2014 ஜூன் 28 அன்று போரூர் ஏரி பக்கத்தில், மௌலிவாக்கத்தில், 11 மாடிக் கட்டடம் ஒன்று மழையில் பொத்தென்று உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். அது திருட்டுத்தனமாகக் கட்டியது இல்லை. அனுமதி இருந்தது, முத்திரை இருந்தது. கட்டடம் தன் பாரத்தைத் தானே தாங்குமா என்பது மட்டும் முத்திரை குத்தியவர்களுக்குச் சம்பந்தமில்லாத கேள்வியாம். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016-ல் வெடி வைத்துத் தகர்த்தபோது டிவியில் நேரலை போட்டார்கள். சென்னையில் இடிப்பு வேலை ஒன்று இவ்வளவு கச்சிதமாக நடந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் மன்னிப்பு வாங்க வசதி உள்ளவர்களின் கதை. மன்னிப்பே இல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது.

ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில், கோவிந்தசாமி நகர். 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவோடு போலீசும் பொக்லைனும் வந்தன. நீர்நிலை ஆக்கிரமிப்பாம். வீடுகளை இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். மறுநாள் காலைக்குள் செத்துப்போனார். அதே கால்வாயில் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் பறக்கும் ரயில் போகும். அதன் தூண்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கின்றன, தூணில் குப்பை மாட்டி நிற்கிறது, குப்பையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கரையில் இருந்த குடிசை ஆக்கிரமிப்பு. கால்வாயின் நட்ட நடுவே நிற்கும் கான்கிரீட் வளர்ச்சி. குடிசைக்காரர்களிடம் பட்டா இல்லையே என்பீர்கள். தூணுக்குப் பட்டா கொடுத்த தாசில்தார் யார்?

விரட்டியவர்களை எங்கே கொண்டுபோகிறார்கள்? 2000-லிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். எல்லாம் நகரத்தின் நடுவிலிருந்து வெகு தூரம். பெரும்பாக்கத்தில் மட்டும் எட்டு மாடி அடுக்குகளாக இருபதாயிரத்துக்கும் மேல் வீடுகள். லிஃப்ட் இருக்கிறது, ஓடினால் அதிர்ஷ்டம். ஓடாத நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறவேண்டும். மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் இப்போது விடியும் முன்னே பஸ்ஸுக்கு நிற்கிறார், இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டார். வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். காப்பாற்றிக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். 2015-ல் அங்கேயும் தண்ணீர் புகுந்தது. ஆற்றுத் தண்ணீருக்குப் பதில் சதுப்புத் தண்ணீர். மாற்றுக் குடியிருப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது.

ஏழையை ஊருக்கு வெளியே தள்ளும் வித்தையை நாம் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். 1853 முதல் 1870 வரை பாரீஸை இடித்துக் கட்டிய ஹௌஸ்மான் இதைச் செய்தார். 1960-ல் திறந்த பிரேசிலியா நகரைக் கட்டிய கூலியாட்களுக்கு அந்த நகருக்குள் இடமில்லை, தூரத்துத் துணை நகரங்களுக்குப் போகச் சொன்னார்கள். ஆனால் ஹௌஸ்மான் பாரீஸுக்கு அடியில் ஒழுங்காகச் சாக்கடை போட்டுவிட்டுத்தான் மார் தட்டிக்கொண்டார். நாம் மார் தட்டுவதை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம்.

மூன்றாவது முழுமைத் திட்டம் எழுதுகிறவர்களுக்கு என் கருத்தையும் பதிவு செய்கிறேன், கேட்காவிட்டாலும். மன்னிப்பதுதான் இந்த ஊரின் சட்டம் என்றால் மன்னித்துத் தொலையுங்கள். ஆனால் ஷட்டர் போட்ட தரைத்தளத்துக்கு ஒரு தேதி, ஓலையும் தகரமும் போட்ட வீட்டுக்கு ஒரு தேதி என்று வைக்காதீர்கள். 113-சி பிரிவில் நீங்களே எழுதிய தேதி 2007 ஜூலை 1. கோவிந்தசாமி நகரில் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே குடியிருந்தார்கள்.