ஏழு பாகையும் ஒரு மச்சானும்

செலவைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டும். மொன்றியலில் மனைவியின் தம்பி மகளுக்குச் சாமத்தியவீடு, டிசம்பர் முதல் சனிக்கிழமை என்று அழைப்பு வந்த அன்றிரவே நான் இறங்கிவிட்டேன்.

ஸ்காபரோவிலிருந்து மொன்றியல் 500 கிலோமீற்றருக்கு மேல். 401இல் ஏறினால் கிங்ஸ்ரன், கோர்ன்வோல் தாண்டி, கியூபெக் எல்லையில் அதே தெரு 20 என்று பெயரை மாற்றிக்கொள்ளும். என் காரில் இருப்பதோ ஓல் சீசன் ரயர். வின்ரர் ரயர் நாலு, பூட்டுக்கூலி, வரி எல்லாம் சேர்த்தால் ஆயிரம் டொலருக்குக் கிட்ட வரும். பிள்ளைக்குக் கொடுக்கும் கவரைவிட ரயர்க்காரனுக்குக் கொடுக்கும் கவர் தடிப்பாக இருந்தால் எந்தக் குடும்பஸ்தனுக்கு நித்திரை வரும்?

முதலில் சட்டத்தைப் படித்தேன். ஓட்டை ஏதும் இருந்தால் அங்கேதானே இருக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். 2008இல் நடைமுறைக்கு வந்தபோது டிசம்பர் 15 என்றிருந்தது. 2019இல் இரண்டு கிழமை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். இழுத்தவர்கள் எங்கள் வீட்டுச் சாமத்தியத்தை மனதில் வைத்துத்தான் இழுத்திருக்க வேண்டும். வியர்க்க வியர்க்க வாசித்துக்கொண்டு போனால், கீழே உயிர் வந்தது: கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கு மட்டும். ஒன்ராறியோவில் அப்படியொரு கட்டாயமே இல்லை. குசினிக்கு ஓடினேன்.

“இஞ்சாரும், சட்டப்படி எங்களுக்குத் தேவையில்லையாம்.”

“அது பனிக்குத் தெரியுமோ?” என்றாள், தாச்சியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பனி கிடக்கட்டும், குளிரே போதுமாம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் ஓல் சீசன் ரயரின் ரப்பர், குளிர்ப்பெட்டியில் வைத்த தொதல் மாதிரி இறுகிவிடும். காய்ந்த தெருவிலும் பிடிப்புக் குறையும். வின்ரர் ரயரின் ரப்பர் வேறு சேர்மானம், மைனசிலும் இளகி நிற்கும். அதன் முகத்தில் வெட்டியிருக்கும் நுண்ணிய கீறல்கள்தான் பனியைக் கவ்வுகின்றன. ‘எனக்கு நாலு சில்லும் இழுக்கிற கார், ரயர் தேவையில்லை’ என்று கோயிலில் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தினார். நாலு சில்லும் இழுப்பது புறப்படத்தான் உதவும். பிரேக் என்னவோ எல்லாக் காருக்கும் நாலு சில்லில்தான். அவருக்கு இதைச் சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்கு மலிவாக இருந்தது.

இருட்டியபிறகு, அயலவர் பார்க்காத நேரமாக, டோர்ச்சும் ரூனி என்கிற இரண்டு டொலர்க் காசொன்றும் எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன். பக்கச் சுவரில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று எழுதியிருந்தது. சேற்றுக்கும் பனிக்குமாம்! சந்தோசம் கன நேரம் நிற்கவில்லை. அந்த எழுத்து, ரயரின் பள்ளம் இன்ன மாதிரி வெட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லுமாம். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறியதற்கு அடையாளம் வேறு: மூன்று சிகர மலை, அதற்குள்ளே ஒரு பனிப்பூ. நாலு ரயரையும் சுற்றிச் சுற்றித் தேடினேன், மலையும் இல்லை பூவும் இல்லை. பிறகு ரூனியைப் பள்ளத்துக்குள் செருகினேன். புது ரயரென்றால் ரப்பர், காசிலுள்ள துருவக் கரடியின் பாதத்தைத் தொட வேண்டுமாம். என்னுடையதில் கரடி முழு உடம்போடும் வெளியே நின்று காற்று வாங்கியது.

அடுத்த நாள் கராஜுக்குப் போனேன். முதல் பனி தூறிய நாள். ஸ்காபரோத் தமிழர் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். என் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தினேன்.

“தம்பி, முன்னுக்கு மட்டும் ரெண்டு போட்டால் காணாதோ? முன் சில்லுத்தானே இழுக்குது.”

“போடலாம் அண்ணை. வளைவிலை பிரேக் பிடிச்சால் முன்பக்கம் நிக்கும், பின்பக்கம் அதை முந்திக்கொண்டு வரும்.”

என்னைப்போல பாதிவிலை கேட்டவர்கள் அன்று காலையிலேயே பலர் வந்துபோயிருப்பார்கள்போல. பதில் அவன் நாக்கு நுனியில் இருந்தது.

மூன்றாவதாக ஒரு வழியையும் அவனே காட்டினான்: ஓல் வெதர். பனிப்பூ முத்திரையும் உண்டு, கியூபெக் சட்டமும் ஏற்கும், வருசம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம். பின்லாந்தில் நோக்கியா என்ற ஊரைச் சேர்ந்த கம்பனியின் ரயர் ஒன்றைத் தட்டிக் காட்டினான். கைத்தொலைபேசிக்குப் பெயர் கொடுத்த அதே ஊர்தான். 1934இலேயே பனிக்கால ரயர் செய்தவர்கள். நடுவழி என்றால் எனக்கு எப்போதும் சபலம். ஆனால் ஐஸில் அசல் வின்ரர் ரயரின் பிடிப்பு இதற்கு வராது என்றும் சேர்த்துச் சொன்னான். வியாபாரி உண்மை பேசினால் வாங்குபவனுக்குத்தான் கஷ்டம். காப்புறுதியில் கழிவு கிடைக்கும் என்றான். ஒன்ராறியோவில் 2016 ஜனவரியிலிருந்து கம்பனிகள் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கழிவு ரயர்க் காசை அடைப்பதற்குள் சாமத்தியப்பிள்ளைக்குக் கலியாணமே முடிந்துவிடும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். வீட்டில் மனைவி ஒரே வசனத்தில் விஷயத்தை முடித்தாள்.

“வழியிலை பள்ளத்துக்குள்ளை விட்டால் தம்பிதான் வந்து இழுக்கவேணும்.”

ரப்பரும் கரடியும் அசைக்காத என்னை அது அசைத்தது. உயிர் போனால் போகட்டும், மனிதன் ஒருநாள் போகத்தான் வேண்டும். மச்சான் கயிற்றோடு வந்து என் காரைக் கட்டி இழுத்து, அதை மண்டபத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்வதை எந்த ஆண்மகன் தாங்குவான்? மறுநாள் நாலு வின்ரர் ரயரும் ஏறின. கழற்றியவை நிலவறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன.

பயணத்தன்று வெப்பமானியில் 8 பாகை. கோர்ன்வோல் வரை மழைதான். பெரிய லொறிகள் சேற்றைக் கண்ணாடியில் அள்ளி அடித்தன. ஒரு பொட்டுப் பனி இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் தகப்பன் பனி கொட்ட வேண்டுமென்று நேர்த்தி வைக்கலாமா? வைத்தேன். ஆயிரம் டொலர் ஐயா.

மச்சான் வாசலுக்கு ஓடிவந்தான். நான் முன் சில்லைக் கொஞ்சம் வெளியே திருப்பி, பனிப்பூ தெரியும்படிதான் காரை நிறுத்தியிருந்தேன். குனிந்து பார்த்தான்.

“ரயர் நல்லது அத்தான். கண்ணாடி கழுவுறதுக்கு என்ன ஊத்தினனீங்கள்? சம்மர் தண்ணியோ? இண்டைக்கு இரவு இஞ்சை மைனஸ் பதினெட்டு. பொனற்றைத் திறவுங்கோ பாப்பம்.”