தேர் நிறுத்தவியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ரோலர் கோஸ்டரில் ஏறிக் கூச்சலிடுகிறவர்கள் ஒரு வகை. ஏறாமல் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாளாயிற்று, எந்தப் பெட்டியின் சக்கரம் தேய்ந்திருக்கிறது, இன்றைக்கு ஏன் ஒரு வண்டிதான் ஓடுகிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த ரசிகர்களுக்கு அமெரிக்காவில் 1978 முதல் சங்கமே இருக்கிறது. தமிழகத்தில் இவ்வினம் கிடையாது என்று அறிஞர் உலகம் நம்பி வந்திருக்கிறது. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலைத் தேரடித் தெருவுக்கு அறிஞர் உலகம் வந்ததில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஆய்வின் எல்லை: அருணாசலேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகள். அதற்கு அப்பால் அன்றைக்கு ஆட்டோ போகாது. ஆய்வின் கருதுகோள்: தேரோட்டம் என்பது தேரை ஓட்டும் கலையன்று, நிறுத்தும் கலை.

மலையின் கிழக்கு அடிவாரத்தில் கோயில். ஆகவே மேற்கே போகப் போகத் தரை உயர்கிறது. ராஜகோபுரத்தின் முன்னிருந்து கிளம்பும் தேர் வலமாகத் திரும்பித் தெற்கு வீதியில் ஏறுகிறது, பேகோபுரத்தின் பின்னால் சுற்றுகிறது, வடக்கே இறங்கி நிலைக்கு வருகிறது. முதலில் ஆள்பலம் மேலே ஏற்றும், பிறகு இறக்கம் தானே கீழே கொண்டுவரும்: 1884-இல் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் தம் கோஸ்டரில் ஆளுக்கு 5 சென்ட் வாங்கிக்கொண்டு காட்டியதற்கும் இதற்கும் கோட்பாட்டளவில் வேறுபாடில்லை. அவருடைய தண்டவாளத்தில் மேட்டுக்கு வந்ததும் பயணிகளை இறக்கிவிட்டு ஆட்கள் வண்டியைத் தள்ளினார்கள். இங்கே பயணி இறங்குவதில்லை. பெரிய தேரான மகா ரதத்துக்கு வடமாக இருப்பது இரும்புச் சங்கிலி. ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். ஆயிரக்கணக்கான குதிரைகள் இருந்தும் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்று இதை வரையறுக்கலாம்.

இழுப்பவர் யாரும் ஆகலாம். பெங்களூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்கூட வடத்தைத் தொட்டுவிட்டு, "நான் தேர் இழுத்தேன்" என்று ஊர் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முட்டுக்கட்டை போடுகிறவர் அப்படி வழியில் கிடைப்பவரல்ல. உருளும் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், முதுகை வளைத்து, பின்னோக்கி நடந்தபடி கட்டையைச் சரியான கோணத்தில் செருக வேண்டும். நேராகப் போட்டால் தேர் நிற்கும். சாய்த்துப் போட்டால் சக்கரம் கட்டையின் முகத்தில் உராய்ந்து மறுபக்கம் திரும்பும். பிரேக், ஸ்டியரிங் இரண்டும் ஒரே மரத்துண்டு. ஏற்றத்தில் பின்சக்கரத்துக்குப் பின்னால் போட்டால் அதுவே தேர் பின்வாங்காமல் தடுக்கும் பொறி. கோஸ்டர் மேடேறும்போது கேட்கும் "கடக் கடக்" ஓசையும் இதே வேலையைச் செய்யும் பற்களிலிருந்துதான் எழுகிறது. மேல்நாட்டான் பல சாதனங்களாகப் பிரித்து விற்பதை நாம் ஒரே கட்டையில் அடக்கிவிட்டோம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பாதிருக்க அடியிலும் சக்கரம் வைக்கும் முறைக்கு ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். நமக்கு அது தேவைப்படவில்லை. மகா ரதத்தைத் தரையிலிருந்து எழுப்ப நினைப்பவன் இன்னும் பிறக்கவில்லை.

கட்டைக்கு மாற்றும் உண்டு. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். பல்லாண்டு நின்று கிடந்த அது 1970-இல் மறுபடி ஓடியபோது திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. இந்தச் செய்தி தேரடி ரசிகர்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்திருக்கிறது. ஹைட்ராலிக்கர்கள் இளைஞர்கள், பெரும்பாலும் பாலிடெக்னிக். கட்டையர்கள் வயதில் மூத்தவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக் ஒருவர் கட்டையர் தரப்பை இவ்வாறு எடுத்துரைத்தார்: "பிரேக் புடிக்கிறது இருக்கட்டும் தம்பி. புடிக்கலன்னா இன்னா பண்ணுவ? கட்டைதான போடுவ?" தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை.

போக்குவரத்து ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. பிள்ளையார் தேர் முதலில். அது நிலைக்கு வந்த பிறகு முருகர். அதற்குப் பிறகே பெரிய தேர். பெண்கள் மட்டும் இழுக்கும் அம்மன் தேரும், சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேஸ்வரர் தேரும் கடைசி. ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்ததை விடக்கூடாது என்பது கோஸ்டர் உலகில் கணினி காக்கும் விதி. இங்கே மைக்கில் ஒருவர் தொண்டை கட்டிய குரலில் அதைக் காக்கிறார். மகா ரதம் மூலையில் திரும்பச் சுணங்கினால் அம்மன் தேர் இரவுக்குத் தள்ளிப்போகும். பெரிய தெருத் திண்ணைகளில் அப்போது எழும் பெருமூச்சை அளக்க ஆய்வாளரிடம் கருவி இருக்கவில்லை.

ரசிகர்களை இனங்காண எளிய சோதனை ஒன்று வகுக்கப்பட்டது. பெரிய தேர் கடந்து போனதும் அருகில் நிற்பவரிடம், "சாமிக்கு என்ன மாலை சாத்தியிருந்தாங்க?" என்று கேட்க வேண்டும். பக்தர் மலர்களை வரிசையாகச் சொல்வார். நம் ஆள் சற்று விழித்துவிட்டு, "இடது பின்சக்கரத்துல கிரீஸ் வழியுது பாத்தீங்களா?" என்பார். தேரின் எடை எவ்வளவு என்பது துணைக்கேள்வி. டீக்கடைக்கு டீக்கடை டன் கணக்கு மாறுகிறது. ஒரே கடையில் இரண்டாவது டீக்கும் மாறுகிறது.

இவர்களுடைய உண்மையான திருவிழா ஏழாம் நாள் அல்ல என்பதே இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. பழுது பார்த்த தேரைச் சாமி இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். 2024 நவம்பரில் மகா ரதத்தைச் செப்பனிட்டு அவ்வாறு ஓட்டினார்கள். ரசிகருக்கு இதைவிடப் பேறு உண்டா? தொம்பையின் தொந்தரவில்லை, மறைக்கும் சீலையில்லை, கும்பிட வேண்டிய கடமையுமில்லை. அச்சு, புது மரம், ஆணி எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். புது மரத்தையும் பழைய மரத்தையும் நிறம் பார்த்துப் பிரித்துச் சொல்வதில் அவர்களுக்குள் போட்டியே நடக்கும். பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து தேரை ஆராய்ந்து உறுதிச் சான்று தருவது முறை. தேரடி ரசிகர் தம்முடைய சான்றைத் தனியாகத் தருவார். அது வாய்மொழியாக இருப்பதால் இதுவரை எந்த அலுவலகத்திலும் பதிவாகவில்லை.

சென்னைக்குத் தெற்கே இள்ளலூரில் தொடங்கியிருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவில் சுவிட்சர்லாந்து நிறுவனம் செய்த கோஸ்டருக்குத் தஞ்சோரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டையர் தரப்பிலிருந்து ஒருவரை அங்கே அழைத்துப்போகும் யோசனை முன்வைக்கப்பட்டது. கீழே நின்று பார்க்க மட்டும் டிக்கெட்டில் சலுகை உண்டா என்று கேட்டார். பேச்சு அத்துடன் நின்றது.

இவ்வினம் அருகி வருகிறதா என்ற கேள்விக்குச் சண்டிகேஸ்வரர் தேரில் ஓரளவு விடை கிடைக்கிறது. எல்லாச் சிறுவர்களும் வடத்தைப் பிடித்துக் கத்திக்கொண்டு ஓட, ஒருவன் மட்டும் வடத்தை விட்டுவிட்டுச் சக்கரத்தோரம் குனிந்து நடந்தான். "டேய், வந்து இழுடா!" என்று அம்மா கூப்பிட்டார். "இரும்மா, கட்டை போடறாங்க" என்றான். பையன் எந்தக் கட்சியில் சேருவான் என்பதில் இரு தரப்பும் இப்போதே உரிமை கொண்டாடத் தொடங்கிவிட்டன. ஹைட்ராலிக்கர்கள் அவனுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்ததாகக் கட்டையர்கள் புகார் சொல்கிறார்கள்.