சாட்சி சொல்லாத குதிகால்

குதிகால் வலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பார்க்க ஆள் வந்ததும் நழுவிவிடும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் சுரீரென்று உச்சிவரை ஏறும். "ஐயோ அம்மா!" என்று நான் போடும் சத்தத்துக்கு அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு வந்து சேர்வதற்குள் பத்தடி நடந்திருப்பேன், வலி பாதிக்குமேல் போயிருக்கும். "நல்லாத்தானே நடக்கறீங்க?" கேஸ் தள்ளுபடி. உட்கார்ந்து எழுந்தாலும் வலிக்கும். ஆனால் கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லும்போதுதான் நான் எழுந்திருக்கிறேன் என்பதால் அதுவும் எடுபடவில்லை.

டாக்டர் என் கட்சி. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த சவ்வு ஒன்று ஓடுகிறதாம். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் அது இறுகிப்போகும். முதல் அடியில் மொத்த எடையும் அதை வெடுக்கென்று இழுக்கும். நடக்க நடக்கத் தளரும். 'மொத்த எடை' என்றபோது அவர் என் தொப்பையைப் பார்த்திருக்க வேண்டாம்.

நடக்கையில் கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு இறுகுவதுபோல இந்தச் சவ்வு இறுகி, பாதத்தின் உள்வளைவைத் தூக்கி நிறுத்துகிறது. 1954-லேயே ஹிக்ஸ் என்பவர் எழுதிவைத்த சங்கதி. தூக்கி நிறுத்த எனக்கு வளைவு வேண்டுமே! கோகுலாஷ்டமிக்கு மனைவி கைமுஷ்டியால் பதிக்கும் மாவுப் பாதத்தில்கூட உள்பக்கம் ஒரு வளைவு விழும். குளித்துவிட்டு நான் மொசைக்கில் வைக்கும் ஈரக்கால் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரே அகலம். தட்டைப் பாதக்காரர்கள் எல்லாருக்கும் வலிப்பதில்லை. எனக்கோ கெண்டைக்காலும் இறுக்கம், ஆளும் கனம்.

எக்ஸ்ரேயில் குதிகாலில் ஓர் எலும்பு முள் தெரிந்தது. ஆதாரம் கிடைத்த தெம்பில் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். "வலியே இல்லாதவங்களுக்கும் இது இருக்கும்னு டாக்டர் சொன்னாரே?" என்றாள். அவர் சொன்னதில் அவளுக்கு நினைவிருந்தது அது ஒன்றுதான்.

அம்மா செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலை போட்டு ஒத்தடம் கொடுத்தாள். இதமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் சொன்ன எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள் மாட்டியதும், என் வலியைவிடப் பூஜையறையின் ஆசாரம் அவளுக்குப் பெரிதாகிவிட்டது.

இப்போது தினமும் பயிற்சி. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முன்னால் சாய வேண்டும். கெண்டைக்கால் விண்ணென்று இழுக்கும். மனைவி துடைப்பத்தோடு நின்று பார்த்தாள்.

"தள்றதுதான் தள்றீங்க, அந்த பீரோவைத் தள்ளுங்களேன். பின்னாடி பெருக்கி ரொம்ப நாளாச்சு."