அகல் விளக்குத் திட்டமிடல்: விருத்தாசலம் முறை

அகல் விளக்குத் திட்டம் என்பது, திருக்கார்த்திகைக்குள் விற்றுத் தீர வேண்டிய பொருளை எந்த மாதத்தில் நினைக்கத் தொடங்குவது என்ற கேள்விக்குக் காலம் கடந்து கிடைக்கும் விடை. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைப் படிப்பாகவே கற்பிக்கும் அரசு நிறுவனமும் உள்ள விருத்தாசலத்தில் இக்கேள்வி ஆராயத்தக்கது.

எத்திட்டத்துக்கும் முதற்படி பிள்ளையார் சுழி. பிற ஊர்களில் அது தாளின் தலைப்பில் முடிந்துவிடும். இவ்வூர்ப் பழமலைநாதர் கோயிலில் உள்ள ஆழத்துப் பிள்ளையாரோ தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறார். படியிறங்கித்தான் காண வேண்டும். இறங்கி ஏறும் நேரத்தைத் திட்டக் காலத்தில் சேர்ப்பதா, கூடாதா என்பதில் இரு கட்சிகள் சாத்தியம். சேர்ப்பதே முறை. ஏறி வந்தபின் டீக்கடையில் கழியும் நேரம் தனித் தலைப்பின்கீழ் வரும்.

திருக்குறள் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற வரிசையில் 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்களை இப்பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறது. விருத்தாசலத்தில் கடைசி அதிகாரம் முதலில் வரும். 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைத் தோண்ட, அங்கே வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. பக்கத்து ஊர் நிலக்கரி தேடியதால் இந்த ஊர் பீங்கான் ஊராக வாய்ப்புப் பெற்றது. யாரோ எதற்கோ போட்ட திட்டத்தின் மிச்சத்திலிருந்து அடுத்தவர் திட்டம் பிறப்பதை நிர்வாகவியல் நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

அடுத்தது அளவு. பீங்கான் களிமண் காய்ந்து, சூளையில் வெந்து முடிவதற்குள் நீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். கலவையைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆகவே 9 செ.மீ. விளக்கு வேண்டுமானால் அச்சு 10 செ.மீ. இருக்க வேண்டும். மண் சுருங்குவதைக் கணக்கில் எடுக்கும் திட்டக்காரர், நாட்கள் நீள்வதை மட்டும் எடுப்பதில்லை. மண்ணின் குணம் அளந்து அறியப்பட்டது. நாட்களின் குணம் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவது.

காலக்கணக்கே இத்துறையின் இதயம். 1958-இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காகப் ‘பெர்ட்’ என்ற முறையை வகுத்தது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மதிப்பீடுகள்: எல்லாம் கூடி வந்தால் ஆகும் நாள், வழக்கமாக ஆகும் நாள், எல்லாம் கெட்டால் ஆகும் நாள். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். பட்டறையிலும் இம்மூன்றும் உண்டு. முதலாவதை முதலாளி வியாபாரியிடம் சொல்கிறார். இரண்டாவதை அச்சு வார்க்கும் அக்கா முதலாளியிடம் சொல்கிறார். மூன்றாவதை வடகிழக்குப் பருவமழை சொல்கிறது. ஐப்பசி அடைமழையில் விளக்கும் காயாது, ஈரத்தை உறிஞ்ச வேண்டிய பிளாஸ்டர் அச்சும் காயாது. வகுத்துப் பார்க்க அப்போது யாருக்கும் நேரமிருக்காது.

மழையை நெருப்பு மூட்டி ஈடுகட்டலாம் என்றால் சூளை ஒத்துழைக்காது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று பருமன் மாறும். ஆறும்போது அந்த இடத்தை நிதானமாகக் கடக்காவிட்டால் விளக்கு விரிசல் விடும். வியாபாரி வாசலில் லாரியோடு நின்றாலும், தொலைபேசியில் எத்தனை முறை அழைத்தாலும், சூளை தன் வேகத்தில்தான் ஆறும். திட்டத்தில் எவர் பேச்சுக்கும் வளையாத பகுதி இது ஒன்றே. மற்ற எல்லாப் பகுதிகளும் வளைந்தபின் எஞ்சும் நாட்கள் இதற்கு ஒதுக்கப்படுகின்றன.

கடைசியில் கூலி. பழமலைநாதர் கோயில் திருப்பணி செய்த விபசித்து முனிவர், வேலையாட்களுக்கு வன்னி மரத்து இலைகளைக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்கேற்ப அவை பொன்னாக மாறின என்றும் தலபுராணம் கூறும். மேற்பார்வையாளரும் வருகைப் பதிவேடும் இல்லாமல் உழைப்பை அளந்த முறை இது. தூங்கியவர் கையில் இலை இலையாகவே இருந்திருக்க வேண்டும். இன்றைய பட்டறைகளில் நோட்டுப் புத்தகத்தில் எண்ணிக்கை எழுதி, உடைந்ததைக் கழித்து, சனிக்கிழமை மாலையில் பணமாகவே கொடுக்கிறார்கள். கழிவில் சேர்த்த உடைசல் யார் கையில் உடைந்தது என்ற விசாரணை, அடுத்த ஆண்டுத் திட்டத்தின் முதல் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும்.